வாரண்டி சனிக்கிழமையோடு முடியுது

ஜூலை 14, திங்கள்

கச்சான் காற்று தொடங்கிவிட்டது. சுபஹுக்கே அனல். கொடியில் போட்ட துணி தொழுதுவிட்டு வருவதற்குள் காய்ந்து மொறமொறப்பு.

மகள் ஸஹ்லாவை ஆஸ்பத்திரியில் மறித்துவிட்டார்களாம். குருநாகலில். நச்சுக்கொடி கீழே கிடக்கிறது, எழும்பி நடக்கக் கூடாது, பிள்ளை கிடைக்கும்வரை வார்டில்தான் என்று டொக்டர் சொன்னதாக மருமகன். மாதம் இன்னும் நிறையவில்லை. எங்கள் ஊரில் முதல் பிள்ளைக்கு உம்மா வீட்டுக்கு வராத பெண் யார்? மருமகனின் வேலையால் இவள் அங்கே இருந்துவிட்டாள். இனி இங்கே கொண்டுவர முடியாது. நான்தான் போகவேண்டும்.

இவர் உடனே வேன் சாவியை எடுத்தார். "ஒருக்கா ஓட்டிப் பார்ப்பம். ஒழுங்கா ஓடினா நாளைக்கே வெளிக்கிடலாம்."

காரைதீவு, நிந்தவூர் எல்லாம் நல்லாகத்தான் போனது. பாலமுனைக்குக் கிட்ட இருமியது. நின்றது. றோட்டு ஓரம், வெயில். சூடு ஆறும்வரை இருந்துவிட்டுத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல் வீடு வந்து சேர்ந்தது. அரை மணி ஓடினால் நிற்கும், ஆறினால் ஓடும். மூன்று மாதமாக இதுதான்.

இவர் இரவு சொன்னது: "வாரண்டி சனிக்கிழமையோட முடியுது."

மீன்: சூடை. புளி கூடிவிட்டது.

ஜூலை 15, செவ்வாய்

காற்று அப்படியே. கண் எல்லாம் மண்.

காலை முழுக்க இவர் வேன் கொம்பனிக்குப் போன். முதலில் பாட்டு, பிறகு சிங்களம், பிறகு தமிழ் கொஞ்சம் தெரிந்த ஒரு பெண் பிள்ளை. ஸ்பீக்கரில் போட்டிருந்தார். நான் வெங்காயம் உரித்துக்கொண்டு கேட்டேன்.

"சேர், வண்டிய எங்கட இடத்துக்குக் கொண்டு வாங்க."

"அதுதானே தங்கச்சி, வண்டி ஓடுதில்ல."

"ஓடாட்டி எப்பிடி சேர் பாக்கிற? கொண்டு வரணும்."

"நீங்க ஆள அனுப்புங்க."

"ஆள் அனுப்புற எண்டா மேனேஜர் சொல்லணும்."

மேனேஜர் மீட்டிங்கில். பின்னேரமும் மீட்டிங்.

இந்த ஒரு வருடத்தில் அந்த வேனில் பழுதானவை: ஏறுகிற படி, கூரை (மாரியில் கட்டிலுக்கு மேலே ஒழுக்கு), தண்ணி பம்பு, இரண்டு தடவை பேட்டரி. இப்போது எஞ்சின். பழுதாகாத ஒரே சாமான் கக்கூஸ். அதற்காகத்தான் வாங்கியது. சந்தியில் நிற்கும் பொடியன்கள் அதற்கு வைத்த பெயர் கக்கூஸ் பஸ். என் காதுபடவே சொன்னான்கள். இவர் காதிலும் விழுந்திருக்கும். காட்டிக்கொள்ளவில்லை.

குடல் ஒப்பரேஷனுக்குப் பிறகு என் வயிற்றில் பை. எல்லாம் அதற்குள்தான் வரும், எப்போது என்று சொல்ல முடியாது. போன வருடம் மட்டக்களப்பு கிளினிக் போய்த் திரும்பும்போது, சனம் நெருக்கிய பஸ்ஸில் ஒட்டு விட்டுவிட்டது. பக்கத்தில் இருந்தவள் மூக்கைப் பொத்தினாள். பின்னால் யாரோ, "ஆருகா அது, சின்னப் புள்ள வெச்சிருக்கிற? பாருங்களன்." களுவாஞ்சிக்குடியில் இறங்கினோம். ஒரு கடைக்குப் பின்னால் நான் கழுவ, இவர் தன் மாற்றுச் சாரத்தைப் பிரித்து மறைப்புப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றார். அன்றைக்கு அழாத மனிதன் வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. பிறகு நற்பிட்டிமுனை வயலை விற்றார். ஒரு நாள் இந்த வேன் வாசலில் நின்றது. "இனி நீ எங்க போறண்டாலும் இதுலதான்."

போன தூரம்: மட்டக்களப்பு கிளினிக், நாலு தடவை. வேறெங்கும் இல்லை.

ஜூலை 16, புதன்

பாண்டிருப்பு ரவி வந்தான். கராஜ் வைத்திருப்பவன். வாய் ஓயாது. குனிந்து பார்த்தான், தட்டினான், மணந்து பார்த்தான், தேத்தண்ணி குடித்தான்.

"காக்கா, இதக் கழட்டினாத்தான் உள்ளுக்க என்னெண்டு சொல்லலாம். டீசல் பம்பாயும் இருக்கலாம், வயராயும் இருக்கலாம். ஆனா இஞ்ச பாருங்க, சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிக் கிடக்கு. நான் இதக் கிழிச்சா உங்கட வாரண்டி போச்சு. சொல்லுங்க, கிழிக்கிறன்."

"கிழிக்க வேணாம்."

"மூணு நாள்தானே கிடக்கு காக்கா. மூணு நாளைக்குள்ள அவன் வந்து கிழிக்கப்போறானா?"

"வரத்தான் வேணும். அவன்ட சாமான். அவன் செஞ்சி தரத்தான் வேணும்."

நான் கதவுக்குப் பின்னால் நின்று, "ரவி கிழிக்கட்டுமே" என்றேன். இவர் திரும்பிப் பார்க்கவில்லை. ரவி என்னைப் பார்த்தான், இவரைப் பார்த்தான், ஸ்பானரைப் பைக்குள் போட்டான்.

ஸஹ்லா போன் எடுத்தாள். வார்டில் சோறு நல்லமாம். மாமி தினமும் வந்து தலை வாரி விடுகிறாவாம். மருமகனின் உம்மா நல்ல மனுசி. அதைக் கேட்க எனக்கு ஏன் நெஞ்சு எரிந்தது என்று தெரியவில்லை. நான் வாரவேண்டிய தலை.

ஜூலை 17, வியாழன்

எழுத மனமில்லை. சண்டை.

என் தம்பி காரைத் தருகிறேன் என்றான். "ராத்தா, கால நீட்டிப் படுத்துக்கிட்டுப் போங்க, நான் மெதுவா ஓட்டுறன்." ஓம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்தப் பஸ் நினைவு வந்தது. தம்பியின் புதுக் கார், சீட்டுக்கு இன்னும் பிளாஸ்டிக் உறை கழற்றவில்லை. வேண்டாம் என்றேன்.

அவன் போனதும் இவரிடம் எரிந்து விழுந்தேன். "கொம்பனிக்காரன்ட வாரண்டி பெரிசா, புள்ள பெரிசா?"

இவர் வேன் சாவியை ஆணியில் கொழுவினார். பிறகு, "அவன் என்ன ஏமாத்திட்டான் எண்டு ஊரே கதைக்கிது. கடைசி நாள்ளயாவது ஒருத்தன் வந்து, இது எங்கட பிழைதான் காக்கா எண்டு சொல்லட்டும்."

எனக்காக ஏமாந்த மனிதன். சோறு போட்டேன். இருவரும் சாப்பிட்டோம், வேறு வேறு நேரத்தில்.

ஜூலை 18, வெள்ளி

ஜும்ஆவுக்குப் போய்வந்த இவர் முகத்தில் சிரிப்பு. மேனேஜர் பேசினானாம். நாளைக்கு ஆள் வருகிறானாம். வாசலைக் கூட்டி, வேனைக் கழுவினார். மாப்பிள்ளை வீட்டார் வருவதுபோல் ஆயத்தம்.

ஸஹ்லாவுக்கு இரத்தம் கொஞ்சம் பட்டதாம். பிறகு நின்றுவிட்டதாம். "பயப்பிடாதீங்க உம்மா. வர ஏலாட்டியும் பறவால்ல." பறவால்ல என்று அவள் சொன்ன விதம். சின்ன வயதில் பெருநாளைக்கு உடுப்பு வாங்கிக் கொடுக்க இல்லாத வருடமும் இப்படித்தான் சொன்னாள்.

ஒவ்வொரு வக்துக்கும் புதிதாய்க் கை கால் கழுவி ஒளு எடுத்துத் தொழு, பை இருந்தாலும் தொழுகை கூடும் என்று மௌலவி சொல்லியிருக்கிறார். இன்று கேட்டதெல்லாம் ஒரே துஆதான். வேன் ஓடவேண்டும் என்று அல்லாஹ்விடம் கேட்க வெட்கமாக இருந்தது. கேட்டேன்.

ஜூலை 19, சனி

வந்தான். இளம் ஆள், சுத்தமான சேர்ட், சிங்களம். இவருக்கு அரசாங்கத் திணைக்களத்தில் டிரைவராக ஊர் ஊராக இருந்த காலத்துச் சிங்களம் நன்றாக வரும். வட்டிலப்பம் வைத்தேன். இரண்டு துண்டு சாப்பிட்டான்.

ஒரு கம்ப்யூட்டரைக் கொழுவினான். ஸ்டாட் பண்ணினான். ஒரே திருப்பில் எடுத்தது. பெரியநீலாவணை வரை ஓட்டிக்கொண்டு போய் வந்தான். நிற்கவில்லை. நிற்குமா? அரை மணி ஓடினால்தானே.

இவர் கெஞ்சினார். இன்னும் கொஞ்சத் தூரம் ஓடுவோம், அக்கரைப்பற்று வரை போவோம், அப்போது பாருங்கள் என்று. அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பொத்துவிலில் இன்னொரு வண்டி பார்க்க இருக்கிறதாம். போனிலேயே ஏதோ பதிந்துவிட்டு இவரிடம் விரலால் கையெழுத்து வைக்கச் சொன்னான். என்ன பதிந்தான் என்று கேட்டேன்.

"பழுது ஒண்டும் இல்லையாம்" என்றார்.

கையெழுத்து வைத்துவிட்டார். ஏன் வைத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவன் போகும்போது சிரித்த முகத்தோடு "ஸலாம்" என்றான். இவரும் பதில் சொன்னார். மஃரிபு தொழப் பள்ளிக்குப் போகவில்லை. வேனின் பொனெட்டைத் திறந்துவைத்து அதன் முன்னால் குந்தியிருந்தார். நான் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன். ஸ்டிக்கரை அவரே நகத்தால் உரித்துக்கொண்டிருந்தார். நல்ல பசை. முழுசாக வரவில்லை.

"விடிய வெளிக்கிடுவம். நிண்டு நிண்டாவது போவம்."

ஜூலை 20, ஞாயிறு

எழுதுவது வெலிக்கந்தையில், வேனுக்குள் இருந்து. வெளியே இவர் ஒரு கராஜ்காரனோடு.

சுபஹு தொழுத கையோடு வெளிக்கிட்டோம். நின்ற இடங்கள்: களுவாஞ்சிக்குடி, ஏறாவூர், வாழைச்சேனை. ஒவ்வொரு இடத்திலும் பொனெட்டைத் திறந்து வைத்துக் காத்திருப்பு. ஒவ்வொரு முறையும் ஆறுவதற்கு முந்தினதைவிடக் கூடிய நேரம். கடைசியில் புணானை தாண்டி, இருபக்கமும் காடு, நின்றது. ஆறவிட்டும் எடுக்கவில்லை.

ஆமிக்காரன் ஒருவன் சைக்கிளில் வந்தான். "இங்க நிக்க வேண்டாம். அலியா." யானை என்று கையால் தும்பிக்கை காட்டினான். அவனே ஒரு டிரெக்டரை மறித்துக் கட்டி இழுக்கவைத்தான். வேனுக்குள் நான், கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு. தட்டு முட்டுச் சாமான் எல்லாம் ஆடிச் சத்தம். எனக்குச் சிரிப்பும் வந்தது.

இங்கே வந்து சேர்ந்ததும் மருமகன் போன். ஸஹ்லாவுக்கு இரத்தம் போகத் தொடங்கிவிட்டது. தியேட்டருக்குள் கொண்டுபோய்விட்டார்கள். "மாமி, துஆ கேளுங்க" என்றான். அவன் குரல் அவன் குரலாகவே இல்லை.

வெளியே வந்து இவரிடம் சொன்னேன். கை முழுக்க எண்ணெய். அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். அந்தக் கராஜ்காரன் எஞ்சினுக்குள் தலையை விட்டபடி சிங்களத்தில் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தான், அவனுக்கு எங்கள் கதை தெரியாது.

கொழும்பு பஸ் வருகிறதாம், குருநாகல் வழி. கடைக்காரப் பெண் சொன்னாள்.

பையை மாற்றிவிட்டேன். புது ஒட்டு. காலையிலிருந்து பிளேன்டீ மட்டும்தான். போகிறேன்.

ஜூலை 21, திங்கள்

குருநாகல். ஆஸ்பத்திரி வாசல் வாங்கில் குந்தியிருக்கிறேன். காற்று இல்லை, மழை இருட்டு.

நேற்று பஸ்ஸில் ஏற்றிவிட வந்த இவர் யன்னலுக்குக் கீழே நின்றார். "வேன விட்டுட்டு நானும் வாறன்" என்றார். சாவி கையிலேயே இருந்தது. நான்தான் நில்லுங்கள் என்றேன். பஸ் எடுத்துவிட்டது.

மின்னேரி தாண்ட ஒரு நாற்றம். அபாயாவுக்கு மேலால் வயிற்றைத் தடவிப் பார்த்தேன். ஒட்டு இருக்கிறது. நாற்றமும் இருக்கிறது. முன்சீட்டுக்காரன் திரும்பினான். யா அல்லாஹ், முடிந்தது என்று நினைத்தேன். அவன் கேட்டது கொண்டக்டரை: "இந்தக் கருவாட்டு மூட்டை ஆருட?" பின்னால் ஒருவர் வாழைச்சேனையிலிருந்து சம்பந்தி வீட்டுக்குக் கொண்டுபோகிறாராம். பஸ்ஸே சிரித்தது. நான் முக்காட்டுக்குள் முகத்தை மறைத்து அழுதேன்.

ஹபரணையில் பஸ் தேத்தண்ணிக்கு நின்றபோது கழுவிக்கொண்டேன். அங்கே நிற்கும்போதுதான் மருமகன் போன் எடுத்தான். பெண் பிள்ளை. வெட்டித்தான் எடுத்தார்கள். இரண்டு பேரும் உயிரோடு, ஹயாத் இருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ்.

வந்து சேர்ந்தபோது பார்க்கும் நேரம் முடிந்துவிட்டது. காவலாளி சிங்களத்தில் சொன்னது எனக்கு விளங்கவில்லை, கை காட்டியது விளங்கியது. மருமகனின் உம்மா என்னைத் தங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போனா. எதுவும் கேட்காமல் குளியலறைக்குப் பக்கத்து அறையைத் தந்தா. ஸஹ்லா சொல்லியிருப்பாள்.

காலையில் ஸஹ்லாவை மட்டும் பார்க்க விட்டார்கள். முகம் வெளிறி, உதடு வெடித்து.

"உம்மா, பஸ்ஸிலயா வந்த?"

"ஓம்."

"தனியவா?"

"ஓம் மகள்."

கையைப் பிடித்தாள். இரத்தம் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். பிள்ளை மாதம் நிறையாததால் கண்ணாடிப் பெட்டிக்குள். நான் இன்னும் காணவில்லை. சின்னதாம். மருமகன் தன் உள்ளங்கையைக் காட்டி, இதைவிடக் கொஞ்சம் பெரிசு என்றான்.

இப்போதுதான் இவர் போன்.

"ஸ்டாட் எடுத்துட்டுது புள்ள! ஒரு பழைய லொறிட சாமான் போட்டான். எவ்வளவு தூரம் ஓடுமெண்டு அவனுக்கும் தெரியாதாம். இஞ்சாலயிருந்து ஊர் கிட்ட. அங்கால வரவா, ஊருக்குத் திருப்பவா?"

"இஞ்ச வாங்க."

"நடுவழியில நிண்டா?"

"நிண்டா அதுலயே விட்டுட்டுப் பஸ்ஸில ஏறுங்க."

எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது, நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"விட்டுட்டா?"

"ஓம். சாவியையும் அதுக்குள்ளேயே போட்டுட்டு வாங்க."

மணி அடிக்கிறார்கள். பிள்ளைகள் இருக்கும் பக்கம் பேரப்பிள்ளையைப் பார்க்க உம்மும்மாமாரை விடுகிறார்களாம். போகவேண்டும்.