மணிமுடியும் துறைமுகமும்

அபிராமபுரம்,
சென்னை-18.
13-2-1978

அன்பு மகள் சுந்தரவல்லிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சௌக்கியம், உன் அம்மாவின் முழங்கால் மட்டும் அவள் பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறது. நீ சௌக்கியம் என்பதை உன் கையெழுத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன், பதினாலு தாளிலும் ஒரு எழுத்துகூட நடுங்கவில்லை. பனியில் வெறுங்காலோடு வராந்தாவுக்குப் போகாதே, தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள், அங்கே யாரும் வைப்பதில்லை என்றால் அது அவர்கள் தலை.

உன் கட்டு போனதற்கு முந்தின சனிக்கிழமை வந்தது. வரைபடமெல்லாம் இருக்கவே பரீட்சைக் காகிதமோ என்று பயந்துபோனேன். பிறகுதான் தெரிந்தது, நீயும் உன் காலேஜ் பிள்ளைகளும் வாராவாரம் பகடை உருட்டி ஆடுகிறீர்களே, அந்தக் கற்பனை ராஜ்ஜிய விளையாட்டு என்று. கடல் கடந்து படிக்கப் போன இடத்தில் இது என்ன கூத்து என்று திட்டிக்கொண்டேதான் படித்தேன். மூன்றாம் தாளில் என் காப்பி ஆறிப்போனது, நான் கவனிக்கவில்லை. சரியாகப் புரிந்துகொண்டேனா பார். வால்மரா என்று ஒரு நாடு, அதில் பேசுகிற மரங்களும் நெருப்பு கக்கும் நாகமும். ராஜா இறந்துபோகிறார். மூத்தவன் நாட்டை இரண்டு பங்காகப் பிரிக்க வேண்டும், இளையவள் தனக்கு வேண்டியதை முதலில் எடுக்க வேண்டும், இது நம் ஊர் வழக்கம், அதைக் கொண்டுபோய் அங்கே புகுத்தியிருக்கிறாய். ஒரு பங்கில் மலைக்கோட்டையும் அப்பாவின் மணிமுடியும், இன்னொன்றில் துறைமுகம். இளையவள் துறைமுகத்தை எடுத்துக்கொள்கிறாள். மூத்தவன் கொதித்துப்போய்ப் படை திரட்டுகிறான், அவளும் திரட்டுகிறாள், எட்டு மாதமாக உள்நாட்டுச் சண்டை. கதையைக் கட்டியவள் நீ, ஆகவே எந்தப் பக்கம் நியாயம் என்று தீர்ப்பும் நீதான் சொல்ல வேண்டும். இதில் சிக்கல், மூத்தவனுக்காக ஆடுகிற பெண்ணும் இளையவளுக்காக ஆடுகிற பெண்ணும் உன் அறைத்தோழிகள். மூன்று வாரமாக ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்ப்பதில்லை, தீர்ப்பு யாருக்குப் போனாலும் மற்றவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள் என்று எழுதியிருக்கிறாய். விளையாட்டு போனால் போகட்டும், இரண்டு பேரையும் இழக்க எனக்கு மனசில்லை, கடைவீதிச் சங்கத்தில் எத்தனையோ வழக்கு தீர்த்தவர் நீங்கள், சொல்லுங்கள் அப்பா என்று கேட்டிருக்கிறாய்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. வெள்ளைக்காரப் பிள்ளைகள் என் மகளிடம் நியாயம் கேட்டு நிற்கிறார்கள்! தி. நகரில் அன்று கடைக்கு வந்தவர் போனவர் யாரையும் விடவில்லை, ஜாக்கெட் துணி கிழிக்க வந்த அம்மாளிடம்கூடச் சொன்னேன், அவர் பாவம், துணியை வாங்கிக்கொண்டு ஓடிவிட்டார். தீர்ப்பைச் சொல்ல எனக்கு ஐந்து நிமிஷம் ஆகவில்லை. மூத்தவன் பக்கம்தான் நியாயம். அவன் நல்ல மனதோடு பிரித்துவைக்கிறான், இவள் ஈவு இரக்கமில்லாமல் நாட்டின் வாசலையே பிடுங்கிக்கொண்டு போகிறாள், இதில் யோசிக்க என்ன இருக்கிறது? இதை நான் மேஜையைத் தட்டிச் சொல்ல, நம் ஷரீஃப் அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். உங்கள் அபிப்பிராயம் என்ன என்று கேட்டேன். "மொதலாளி, நான் அண்ணன் தம்பி ரெண்டு பேர்கிட்டயும் சம்பளம் வாங்கினவன், என்னை வுட்டுடுங்க" என்றார். இதற்கும் அதற்கும் என்னய்யா சம்பந்தம் என்று சத்தம் போட்டேன். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் முறையிட்டால், அவள் கீரை ஆய்ந்துகொண்டே, "நெசமாவே வெளங்கலையா உங்களுக்கு? படிச்ச மனுசன்தானே?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த நேரம் பார்த்து வாசலில் மீன்காரி தேசம்மா கூடையை இறக்கினாள், பட்டினப்பாக்கத்திலிருந்து வருவாளே, உனக்கு நண்டு கொடுத்துப் பயமுறுத்துவாளே அவள்தான். வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா நைனா, மனை வாங்கப் போறியா?" என்றாள். கதையைச் சொன்னேன். சண்டை எங்கே நடக்கிறது, மீன் விலை ஏறுமா என்று முதலில் விசாரித்தாள். எங்கேயும் நடக்கவில்லை என்றதும் நிம்மதியாக உட்கார்ந்து, "தொறமுகத்த எடுத்துக்கினானு அந்தப் பொண்ண இந்தத் திட்டு திட்றியே, துன்றதுக்கு ஒண்ண எடுத்துக்கினு அப்பன் கிரீடத்த அண்ணங்காரனுக்கு வுட்டுட்டுப் போயிருக்கா, அத்தப் பத்தி வாயத் தொறக்க மாட்டேன்றியே, இன்னா நாயம் இது?" என்றாள். எனக்குக் கோபம் வந்து வஞ்சிரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவள் போன பிறகு இளையவள் தரப்பு வாதத்தை முதல் முறையாக ஒழுங்காகப் படித்தேன். உண்மையைச் சொல்கிறேன், அதுவரை அந்த நாலு தாளையும் புரட்டிவிட்டுத்தான் போயிருந்தேன்.

படிக்கப் படிக்க எனக்கு வியர்த்தது. வல்லி, உனக்கு அப்போது பதின்மூன்று வயது. உன் தாத்தா போன நாற்பதாம் நாள் கடையைப் பிரித்தோம். நான்தான் பங்கு வைத்தேன். தெருப்பக்கத்துப் பாதி ஒன்று, சந்துப்பக்கத்துப் பாதியும் தாத்தா பெயர் எழுதிய போர்டும் ஒன்று. உன் சித்தப்பா ஜவஹர் ஒரு வார்த்தை பேசாமல் தெருப்பக்கத்தை எடுத்துக்கொண்டான். கூடப் பிறந்தவன் சந்துக்குள் கிடந்தால் என்ன என்று நினைத்துவிட்டானே என்று எனக்குள் ஏதோ அறுந்துபோயிற்று. நடுவில் சுவர் எழுப்பினோம். ஒன்பது வருஷம், அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் அவன் இருமினால் எனக்குக் கேட்கும், போய் என்ன ஏது என்று கேட்டதில்லை. உன் இளையவள் உன் பதினோராம் தாளில் சொல்கிறாள்: அண்ணன் மணிமுடியைத் தன் கையாலேயே ஒரு பங்கில் வைத்தான், வைக்கும்போது அவன் கை அதைவிட்டு வரவில்லை, அதை நான் பார்த்தேன், அதற்குப் பிறகு நான் எப்படி அந்தப் பங்கை எடுப்பேன்? இதை நீயாகக் கற்பனை செய்தாயோ, உன் சித்தப்பா யாரிடமோ சொல்லிக் கேட்டாயோ, எனக்குத் தெரியாது, எனக்குத் தெரியவும் வேண்டாம். ஆனால் என் கை அந்த போர்டைவிட்டு வரவில்லை என்பது சத்தியம். என் தரப்பையும் நீ குறைத்து எழுதவில்லை, மூத்தவனின் மனக்கசப்பை நான்கூட இவ்வளவு நன்றாகச் சொல்லியிருக்க மாட்டேன். இரண்டு பேரையும் ஒரே கையால், ஒரே மசியால், ஒருவருக்கு ஒரு வரி கூடாமல் குறையாமல் எழுதியிருக்கிறாயே, அதற்காகத்தான் நான் பெருமைப்படுகிறேன், வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்காக அல்ல. அந்த வயதில் ஒரு மூலையில் உட்கார்ந்து கணக்குப் பாடம் போட்டுக்கொண்டிருந்த நீ எங்கள் இருவரையும் கேட்டிருக்கிறாய். நாங்கள்தான் கேட்கவில்லை.

போன திங்கட்கிழமை பத்தரை மணிக்கு உன் காகிதக் கட்டை எடுத்துக்கொண்டு அவன் கடைக்குப் போனேன். சுற்றிக்கொண்டு போக வேண்டும், நாற்பது அடி இருக்கும். அவன் புடவை மடித்துக்கொண்டிருந்தான், என்னைப் பார்த்ததும் மடிப்பு பிசகிவிட்டது. வல்லி ஒரு வழக்கு அனுப்பியிருக்கிறாள், இளையவள் தரப்பு சரியாக இருக்கிறதா என்று நீதான் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றேன். அவன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பதினாலு தாளையும் படித்தான், நடுவில் வந்த இரண்டு வாடிக்கைக்காரர்களை நானே கவனித்தேன், ஒருவருக்குச் சுங்குடி விற்றேன். படித்து முடித்து மூக்கை உறிஞ்சினான். பிறகு என்ன சொன்னான் தெரியுமா? "எல்லாஞ் சரிதாம்ணே, ஆனா மூத்தவனுக்கு இவ நியாயம் செய்யல. பங்கு வைக்குததுக்கு முன்னால அவன் மூணு நாளு சோறு திங்கலைல்லா, அத எழுதலையே?" நான் சாப்பிடாதது அவனுக்குத் தெரிந்திருக்கிறது, வல்லி. கடையில் ஆள் இருந்ததால் நான் வெளியே போய்க் கொஞ்ச நேரம் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆகவே நீ கேட்ட தீர்ப்பை நான் தரப்போவதில்லை, வாதி பிரதிவாதிகளில் ஒருவன் நீதிபதி நாற்காலியில் உட்காரக் கூடாது. தீர்ப்பு சொல்வதற்கு முன் ஒன்று செய். உன் தோழிகளை இடம் மாறி உட்காரச் சொல். மூத்தவனுக்காக ஆடியவள் இளையவளுக்காகப் பேசட்டும், இவள் அவனுக்காகப் பேசட்டும். இதுவரை நீ எழுதாமல் விட்டது ஏதாவது அவர்கள் வாயிலிருந்து வரும். வந்த பிறகும் தீர்ப்பு வேண்டும் என்று கேட்டால் தைரியமாகச் சொல், உன் தீர்ப்பு யாருக்கு விரோதமாகப் போனாலும் அது கேட்டுச் சொன்ன தீர்ப்பாக இருக்கும். நாங்களும் ஒன்றும் பாலும் தேனுமாக ஆகிவிடவில்லை. துறைமுகத்தை அவள் எடுத்தது தப்புதான் என்று நான் இன்னும் நினைக்கிறேன், அதை அவனிடமும் சொன்னேன், "நெனச்சுக்கோங்க" என்கிறான், திமிர் குறையவில்லை. நேற்று ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டில்தான் சாப்பிட்டான், உன் அம்மா பரிமாறும்போது பழைய கோபத்தில் அவனுக்கு ரசத்தைக் கேட்காமலே ஊற்றினாள், அவனும் கேட்காமலே குடித்தான்.

எல்லா நலமும் பெற்று, படிப்பில் குறைவில்லாமல், நாலு பேர் நடுவில் நிமிர்ந்து நிற்க எங்கள் ஆசீர்வாதம் உனக்கு எப்போதும் உண்டு. தீர்ப்பை எழுதினதும் மறக்காமல் இரண்டு பிரதி எடுத்து அனுப்பு. ஒன்று எனக்கு. மற்றது உன் சித்தப்பாவுக்கு, அவன் விலாசம் உனக்குத் தெரிந்ததுதான், நம் கடை விலாசமே, முன்வாசல் என்று மட்டும் சேர்த்து எழுது.

உன் அன்புள்ள அப்பா,
வெள்ளைத்துரை