வெயில் நாளில் தண்ணீர்க் கழிவு

உடப்புசல்லாவை
09.02.2025

என் பிரியமான பிரியந்திக்கு,

மாதா புண்ணியத்தில் நான் சுகம். நீயும் பிள்ளைகளும் சுகமா? ஒரே பாதையில் குடியிருந்துகொண்டு கடிதம் எழுதுவது கேவலம்தான். போனை எடுக்கிறாய் இல்லை, வாசலுக்கு வந்தால் கதவைச் சாத்துகிறாய். வேறென்ன செய்ய?

நாலு நாளாக ஒருத்தியும் தேயிலைக் கொழுந்தெடுக்க வரவில்லை. இலை முற்றிப் போகிறது. கூலி காணாது என்று நீதான் எல்லாரையும் மறித்தாயாம். குவைத்தில் அடுத்தவன் வீட்டுக் கக்கூஸ் கழுவிச் சேர்த்த காசில் குத்தகைக்கு எடுத்த காணி இது. கொழுந்துக்கு விலை நானா வைக்கிறேன்? ஃபெக்டரிக்காரன் வைக்கிறான். உரக்கடைக்காரனும் லொறிக்காரனும் அவனவன் விலையைச் சொல்கிறான். எல்லாருக்கும் கொடுத்து மிஞ்சுவதில்தான் உங்கள் கூலி. கூட்டிக் கொடுத்தால் காணியை மூட வேண்டியதுதான். உனக்குக்கூடவா இது விளங்கவில்லை?

நாளைக்கு வந்துவிடு.

உன்
மெரினா

11.02.2025

அன்புள்ள மெரினா,

சுகமாக இருக்கிறோம். சின்னவனுக்குத்தான் இருமல் விடவில்லை.

கூலி காணாது என்று நான் சொல்லவில்லை. ராக்காயி அக்கா சண்டைக்கு வந்தபோது, "அவளுக்கே ஒண்ணும் மிஞ்சலக்கா, கொஞ்சம் பொறுங்க" என்று உனக்காகப் பேசியவள் நான். கிலோவுக்கு நீ தருவது குறைவு என்று தெரிந்துதான் வந்தோம்.

போன புதன்கிழமை நல்ல வெயில். கொழுந்தில் ஒரு சொட்டு ஈரமில்லை. ஒவ்வொரு நிறுவையிலும் நீ மூன்று கிலோ கழித்தாய். "எதுக்கும்மா கழிக்கிற?" என்று ராக்காயி அக்கா கேட்டார். நீ தலை நிமிராமல் "தண்ணிக்கு" என்றாய்.

நாம் தோட்டத்தில் வேலை செய்தபோது நிறுவை எழுதிய கணக்கப்பிள்ளையும் இதைத்தான் சொன்னான். அவன் காலடியில் கூடையைக் கவிழ்த்துக் கொட்டி, "களவாணி" என்று கத்தியவள் நீ. அவன் வார்த்தை உன் வாயிலிருந்து வந்ததும் கூடையை இறக்கி வைத்துவிட்டேன். மறுநாள் நாங்கள் யாரும் வராததற்கு அதுதான் காரணம்.

காசு இல்லாவிட்டால் இல்லை என்று சொல்வதற்கென்ன?

பிரியந்தி

13.02.2025

பிரியந்தி,

சொல்லியிருந்தால் ஒருத்தியாவது வருவாளா? அந்த மூன்று கிலோவில்தான் காணி நிற்கிறது. ஃபெக்டரியில் எனக்கும்தான் கழிக்கிறார்கள். நான் யாரிடம் போய் அழுவது?

சரி, ஒன்று செய்கிறேன். உன் நிறுவையில் மட்டும் இனிக் கழிக்க மாட்டேன். கொஞ்சம் கூட்டியே எழுதுகிறேன். நீ வந்தால் மற்றவர்களும் பின்னால் வருவார்கள். ராக்காயி அக்காவுக்குத் தெரிய வேண்டாம். வாசித்ததும் இதைக் கிழித்துப் போடு.

மெரினா

15.02.2025

மெரினா அம்மாவுக்கு,

கிழிக்கவில்லை. நாங்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் எல்லாரையும் கூப்பிட்டுச் சத்தமாக வாசித்தேன். யாரும் கத்தவில்லை. ராக்காயி அக்கா வெற்றிலையைத் துப்பிவிட்டு, "அவளுக்கும் கழிக்கிறானுங்களா? முன்னமே சொல்லியிருந்தா நாமளும் கூடப் போயி கேட்டிருப்போமே" என்றார்.

திங்கட்கிழமை அவர்கள் வேலைக்கு வருவார்கள். தராசை எல்லாரும் பார்க்கும்படி வைக்க வேண்டும். ஃபெக்டரி நிறையும் விலையும் எழுதித் தரும் துண்டைக் காட்ட வேண்டும். விலை இறங்கினால் கூலி குறையட்டும், ஏறினால் ஏறட்டும். பொய்க் கழிவு கிடையாது. ஃபெக்டரியில் நியாயம் கேட்க உன்னோடு வரவும் சம்மதித்திருக்கிறார்கள்.

நான் வரமாட்டேன். அந்த மூன்று கிலோவை மறந்திருப்பேன். ராக்காயி அக்கா கூடையில் திருடி என் கூடையில் போடுகிறேன் என்று எழுதினாயே, நான் அதை வாங்கிக்கொள்வேன் என்று நினைத்தாயே, அதைத்தான் மறக்க முடியவில்லை. பாதையில் கண்டால் என்னைக் கூப்பிடாதே.

பிரியந்தி