கோழியை ஓட்டச் சொன்ன அழுகை

மார்கழிப் பனிக்கு என் குதிகால் வழக்கம்போல வெடித்துவிட்டது. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருக்கும் மருந்துக் கடையில் போய் கிளிசரின் கேட்டேன். கடையிலிருந்த பெண் சின்னப் புட்டி ஒன்றை எடுத்து வைத்து, "பன்னீர் கலந்து தடவுங்கம்மா, எரியாது" என்றாள். கிளிசரினைப் பற்றி எனக்கே பாடம் எடுக்கிறாளே என்று நினைத்துக்கொண்டேன். நீ இருந்த வரைக்கும் நம் வீட்டு மாடத்தில் அந்தப் புட்டி இருந்துகொண்டேதான் இருந்தது. அது காலுக்கு வாங்கியதில்லை, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றிக்கொண்டு, தடவாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஊரில் எல்லோருக்கும் நான் டீச்சர். பால்வாடியிலிருந்து ஓய்வு பெற்றும் டீச்சர்தான். பெற்ற மகனே போனில் பேசும்போது பக்கத்திலிருப்பவரிடம் "டீச்சரம்மாதான் பேசுறாங்க" என்று கேலி பண்ணுகிறான். என்னை "அடியே" என்று கூப்பிட நீ ஒருத்திதான் இருந்தாய். நீயும் போன ஆடியில் போய்விட்டாய். உன்னிடம் பேச வேண்டும்போல இருந்தது, காகிதத்தை எடுத்தேன்.

நம் ஊர் காவாந்தண்டலத்தில் நம் தெருவில் ஒரு சாவு விழுந்தால் மறுநாள் நடவு வயலில் நீதான் ராணி. நம் அப்பன் ஆத்தாளெல்லாம் ஊரான் நிலத்தில் உழைத்தவர்கள், குனிந்த முதுகு நிமிராமல் நட வேண்டும். நீ நாற்றைக் கையில் வைத்துக்கொண்டு, முந்தின நாள் யார் யார் எப்படி அழுதார்கள் என்று ஒவ்வொருத்தியாக அழுது காட்டுவாய். மார்பில் அடித்துக்கொள்வதற்கு முன்னால் புடவைத் தலைப்பைச் சரி செய்துகொள்கிறவள், அழுதுகொண்டே யார் புதுச் செருப்பு போட்டு வந்திருக்கிறார்கள் என்று பார்க்கிறவள், எல்லோரும் உன் வாயில் வருவார்கள். அழுதவளே பக்கத்தில் நின்று நட்டுக்கொண்டிருப்பாள். "அடிப் பாவி, நான் இன்னா அப்டியா அழுவறேன்?" என்று சேற்றை அள்ளி உன்மேல் வீசுவாள்.

நம் பக்கத்துப் பெண்களுக்கு அழுகை வந்தாலும் வீட்டுப் பொறுப்பு நிற்காது. "என்ன வுட்டுட்டுப் போனியே" என்று ராகம் இழுக்கும்போதே "மாட்டுக்குத் தண்ணி காட்டுங்கடா" என்று அதே ராகத்தில் சொல்லிவிட்டு, விட்ட இடத்தில் மறுபடி சேர்ந்துகொள்வார்கள். கேட்கிறவர்களுக்கும் அது வித்தியாசமாகத் தெரியாது. யாராவது எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து உட்காருவார்கள். உன் அப்பா செத்தபோது உன் அம்மா அப்படித்தான் அழுதார். தலைமாட்டில் விளக்குக்குப் பக்கத்தில் வைத்திருந்த படி நெல்லை ஒரு கோழி வந்து கொத்தியது. "என்ன ஆண்ட மகராசா, அந்தக் கோழிய ஓட்டுங்கடி, என்னத் தனியா வுட்ட மகராசா" என்றார். நீதான் எழுந்து போய்க் கோழியை ஓட்டினாய். ஓட்டிவிட்டு வந்து உட்கார்ந்து அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாய். அப்போது நமக்குப் பாவாடை தாவணி வயசு.

மாகறலில் ஆற்றங்கரையில் ஷூட்டிங் நடந்த கதையை நீ பேட்டிகளில் பலவிதமாகச் சொல்லியிருக்கிறாய். நான் கூட இருந்தவள், எனக்கு நடந்தது தெரியும். ஒரு சாவுக் காட்சிக்கு அழுகிறதுக்குப் பெண்கள் வேண்டும் என்று டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மண்டை பிளக்கிற வெயில். "கேமராவப் பாக்காம சும்மா அழுங்க" என்றார் ஒருவர். எல்லோரும் வெட்கப்பட்டுக்கொண்டு முனகினோம். நீ தொடை தட்டி எடுத்தாய் பார், அந்த ராகத்தை! பிணமாகப் படுத்திருந்த ஆள் கண்ணைத் திறந்துவிட்டான். நடுவில் இல்லாத கோழியை ஓட்டச் சொன்னாய். டைரக்டர் கட் சொல்ல வாயைத் திறந்தவர் சிரித்து முடிக்கும்வரை சொல்லவில்லை. "யார்யா இந்தப் பொண்ணு?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்வதற்கு முன்னால் நீயே எழுந்து நின்று பேரைச் சொன்னாய்.

அதன்பிறகு நீ மெட்ராஸ்காரி. வேலைக்காரி, சண்டைக்காரி, பந்தியில் இடம் பிடிக்கிறவள், ஹீரோவுக்கு ராசியில்லாத அத்தை என்று படத்துக்குப் படம் என்னென்னவோ ஆனாய். ஆனாலும் படத்தில் ஒரு சாவு இருந்தால் உன்னைத்தான் தேடினார்கள். திருவிழாவுக்கு ஊருக்கு வரும்போது தொழில் ரகசியமெல்லாம் எனக்குச் சொல்வாய். "கதாநாயகி அழுதா கிளிசரின் வுடுவாங்கடி. நான் அழுதா கண்ணு காஞ்சி கெடக்கணும். ஒரு சொட்டு தண்ணி வந்துச்சோ, ஜனம் பாவப்பட்டுடும். பாவப்பட்டா அப்புறம் எங்க சிரிக்கிறது?" என்பாய். கண்ணை அகல விரித்து, இமைக்காமல், மூக்கால் இழுத்து அழுது காட்டுவாய். நான் வயிற்றைப் பிடித்துக்கொள்வேன். கண்ணீரை அடக்குவதற்கே நீ பல வருஷம் பழகினாய் என்பது அப்போது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

கோழிக் காட்சி வந்த படத்தை உத்திரமேரூர் தியேட்டரில் பார்க்க உன் அம்மாவை நான்தான் அழைத்துக்கொண்டு போனேன். தியேட்டரே குலுங்கியது. பின்னாலிருந்து ஒருவன் விசில் அடித்து, "கோழிய ஓட்டுங்கடி!" என்று கூடவே கத்தினான். உன் அம்மா மடியில் கையை வைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பொங்கலுக்கு நீ வந்தாய். சோறு போட்டுக்கொண்டே உன் அம்மா மெதுவாகக் கேட்டார்: "நான் அழுதது அப்டியாடி இருந்திச்சி?"

நீ பிசைந்த சோற்றோடு கையை அப்படியே வைத்திருந்தாய். உன் அம்மா குழம்பை ஊற்றிவிட்டு, "சாப்புடு, ஆறுது" என்று சொல்லி எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவேயில்லை. நீ எடுக்க நினைத்து எத்தனையோ தடவை வந்தாய், புடவை கொடுத்தாய், காஞ்சிபுரத்துப் பட்டு கொடுத்தாய், பேசாமலே திரும்பிப் போனாய்.

உன் அம்மா செத்தபோது நீ வெளியூர் ஷூட்டிங்கில் இருந்தாய். காரை ஏரிக்கரையிலேயே நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டாய். பெற்றவள் போனால் மகள் தெருமுனையிலிருந்து அழுதுகொண்டே வர வேண்டும், வீட்டுப் பெண்கள் எழுந்து எதிர்கொண்டு போய் அழைத்து வர வேண்டும். நீ தெருமுனை போதாது என்று ஏரிக்கரையிலிருந்தே ஆரம்பித்தாய். நான்தான் எதிர்கொண்டு வந்தேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு, "அம்மாவுக்கு ஒழுங்கா ஒரு அழுவ அழுவணும்டி. கூடவே இரு" என்று காதில் சொன்னாய்.

ஏரிக்கரை மேல வந்தேனே, என்னப் பெத்த அம்மா, எதுத்து வந்து நிக்கலியே, என்னப் பெத்த அம்மா என்று நீ எடுத்தபோது பந்தலில் இருந்த சலசலப்பு அடங்கியது. அந்தக் குரலில் சினிமா இல்லை. மேளக்காரர்கள்கூட அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். நீ தலைமாட்டில் உட்கார்ந்து அம்மாவின் கன்னத்தைத் தடவினாய். அப்போதுதான் அந்தப் பாழாய்ப்போன கோழி வந்தது. படி நெல்லில் வாயை வைத்தது. உன் வாய் தானாகவே சொல்லிவிட்டது. அம்மா சொன்ன மாதிரி, தெருவில் எல்லாப் பெண்களும் சொல்கிற மாதிரி, அதே ராகத்தில், "அந்தக் கோழிய ஓட்டுங்கடி" என்றாய்.

பின்னாலிருந்து ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அவள் வாயைப் பொத்திக்கொள்வதற்குள் பக்கத்தில் இருந்தவள் சிரித்தாள். பந்தல் முழுக்க அடக்கி அடக்கி, கடைசியில் அடக்க முடியாமல் சிரித்தது. கெட்டவர்கள் இல்லை அவர்கள். உன் அம்மாவோடு களை எடுத்தவர்கள், ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள். அவர்களுக்கே தாங்க முடியாத வெட்கம், ஆனாலும் சிரிப்பு நிற்கவில்லை. என் தோளில் இருந்த உன் கை இறுகியது. நீ எழுந்து கத்துவாய் என்று நினைத்தேன். நீ கண்ணை அகல விரித்தாய். குரலை மூக்குக்கு ஏற்றினாய். "எங்கம்மா போன வூட்ல உனக்கு நாஷ்டாவாடி கோழி!" என்று இழுத்தாய்.

பாடை எடுக்கிற வரைக்கும் நடித்தாய். கிழவர்கள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். நான் மட்டும் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், கண்ணில் ஒரு சொட்டுகூட இல்லை. தெருமுனை வரை போய் நின்றுவிட்டுத் திரும்பினோம். குளிக்கும்போது பம்புசெட்டில் உன்னைக் கேட்டேன், ஏண்டி அப்படிச் செய்தாய் என்று.

"சிரிச்சிட்டாங்கடி. நான் நிறுத்திட்டா அவங்களுக்குத்தான அசிங்கம்? சாவு வூட்ல சிரிச்சோமேன்னு காலத்துக்கும் மனசு அறுத்துக்கினே கெடக்கும். நான் சிரிக்க வெச்சேன்னு போவட்டும்" என்றாய். அப்புறம் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே, "அம்மாவுக்குத்தான் அழுவல" என்றாய்.

வாய்ப்பெல்லாம் தேய்ந்து, ஒரு காட்சிக்கும் கூப்பிடாமல் போனபிறகு நீ ஊருக்கே வந்துவிட்டாய். எனக்கும் வீட்டில் ஆளில்லை, வந்து இரு என்றேன். என் சாம்பாரைத் திட்டினாய், நான் வாங்கும் மீனைத் திட்டினாய், "பால்வாடிப் புள்ளைங்களுக்குச் சொல்ற மாதிரி எனக்குச் சொல்லாத" என்று எரிந்து விழுந்தாய். இரண்டு கிழவிகள் சண்டை போட்டுக்கொண்டு இருந்ததால் வீடு வீடாக இருந்தது. அம்மாவின் திதி அன்றைக்கு மட்டும் காலையிலேயே, "மருந்துக் கடைக்குப் போனா அது ஒரு புட்டி வாங்கினு வா" என்பாய். மத்தியானம் வாசல் கதவைச் சாத்திக்கொண்டு அம்மா படத்துக்கு முன்னால் உட்காருவாய். கிளிசரினை விரலால் தொட்டு இமைக்குக் கீழே தடவிக்கொள்வாய். கண்ணீர் பொலபொலவென்று கொட்டும். வாய் மட்டும் திறக்காது.

எனக்குப் பொறுக்கவில்லை. "வாய வுட்டுத்தான் அழேன்டி. இங்க யார் கீறாங்க சிரிக்க?" என்று ஒரு வருஷம் கேட்டேவிட்டேன்.

"நான் கீறேனே. நானே சிரிச்சிடுவேன்" என்றாய்.

ஆடிக் காற்றில் ஒரு காலையில் காபியோடு வந்து எழுப்பினேன், நீ எழவில்லை. உன்னைக் கிடத்த டவுனிலிருந்து குளிர்ப்பெட்டி வந்தது. சினிமாவிலிருந்து ஒரு மாலை வந்தது, ஆள் வரவில்லை. டிவியில் உன் காமெடியைப் போடுகிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். களை எடுப்பவர்களுக்கு வேலை நாள், வந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். வாடகைக்கு எடுத்த நாற்காலிகள் காலியாகவே கிடந்தன. மகள் இல்லை, மருமகள் இல்லை, தெருமுனையிலிருந்து அழுதுகொண்டு வருவதற்கு உனக்கு ஒருத்தியும் இல்லை. இத்தனை பேரைச் சிரிக்க வைத்தவளுக்கு இவ்வளவுதானா என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அந்தக் கோபத்தில்தான் வாயைத் திறந்தேன். அதற்கு முன்னால் நான் சாவு வீட்டில் ராகம் போட்டு அழுதவளில்லை, டீச்சர் என்ற கௌரவம்.

பாதியில் குளிர்ப்பெட்டி முனகுவது நின்றுபோனது. யாரோ வயரைத் தட்டிவிட்டிருக்கிறார்கள். "என்ன வுட்டுட்டுப் போனியே, அந்தப் பிளக்க நல்லா சொருவுங்கடா, என்ன அடியேன்னு கூப்ட ஆளில்லையே" என்று என் வாயில் தானாக வந்தது. சொன்னபிறகுதான் உறைத்தது. சுற்றிலும் பார்த்தேன். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. ஒரு பையன் எழுந்து போய் பிளக்கைச் சொருகிவிட்டு வந்து உட்கார்ந்தான். பெட்டி மறுபடி முனகத் தொடங்கியது.

யாரும் சிரிக்காமல் அழுது முடிக்க எனக்குக் கிடைத்தது, உனக்குக் கிடைக்கவில்லை. உன் அம்மா கேட்டதற்கு நீ ஒழுங்காக அழுது சொல்ல வந்த பதில் யாரும் கேட்காமலே போய்விட்டது. அதனால் அம்மா சாவில் நீ கோழியிடம் விட்ட இடத்திலிருந்து ராகத்தை எடுத்தேன். ஏரிக்கரை மேல வராளே உம் பொண்ணு, எதுத்து வந்து கூட்டிக்கோ அம்மா, எல்லாரும் சிரிச்சிட்டாங்க, நீ அவளக் கூட்டிக்கோ அம்மா என்று தொண்டை கட்டும்வரை அழுதேன். வந்திருந்தவர்களுக்கு நான் யாருடைய அம்மாவை அழைக்கிறேன் என்பது புரிந்திருக்காது. டீச்சருக்கு வயசாகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

அந்த ராகம் என்னிடம் அப்படியே இருக்கிறது. இதை எழுதிக்கொண்டிருக்கும்போது கிளிசரினைக் குதிகாலில் தடவிக்கொண்டு காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறேன். திறந்திருந்த வாசல் வழியாகப் பக்கத்து வீட்டுக் கோழி உள்ளே வந்தது. நான் புடைத்து வைத்திருந்த முறத்து அரிசியில் வாயை வைத்தது. "அந்தக் கோழிய ஓட்டுங்கடி" என்றேன், அதே ராகத்தில். சிரிக்கவும் ஆளில்லை, ஓட்டவும் ஆளில்லை. வழுக்குகிற காலோடு சுவரைப் பிடித்துக்கொண்டு நானே எழுந்து போய் ஓட்டிவிட்டு வந்தேன்.