முன் ஃபோர்க்கும் என் எடையும்

மார்ச் 3, செவ்வாய்

பல் செட் செய்யும் லேபில் மூன்றாவது செட்டைத் தேய்த்து முடிப்பதற்குள் வலது மணிக்கட்டு கெஞ்ச ஆரம்பித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கல்குவாரிப் பாதையில் சைக்கிளில் இறங்கியதற்குச் செவ்வாய் வரை தண்டனை. டாக்டர் சுலபமாகச் சொல்லிவிட்டார், "அந்தப் பாதையை விட்டுடுங்க" என்று. வாரம் முழுக்க யார் யார் பல்லையோ தேய்க்கிறேன். எனக்கென்று இருப்பது இவரோடு இறங்கும் அந்த ஒரு காலைதான். அதையும் விட்டுவிட்டு?

மார்ச் 5, வியாழன்

குற்றவாளி என் கை இல்லையாம், சைக்கிளின் முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்காம். உள்ளே ஸ்பிரிங் துருப்பிடித்து அமுங்குவதே இல்லை, ஒவ்வொரு கல்லும் நேராக மணிக்கட்டில் இறங்குகிறது என்கிறார் இவர். இரண்டு நாளாக ஃபோர்க் தேடுகிறார். குடியிருக்கும் வீட்டைக்கூட இப்படித் தேடிப் பிடிக்கவில்லை இந்த மனுஷர்.

மார்ச் 7, சனி

சைக்கிள் கடை. மெக்கானிக் அக்கா அளந்து பார்த்தார். "வண்டி பழசு. கழுத்துக் குழாய் மேலயும் கீழயும் ஒரே அகலம். இப்ப வர்ற ஃபோர்க்குல பாதிக்கு மேல்தண்டு கீழ தடிச்சிருக்கும், இதுக்குள்ள நுழையாது."

நுழைவது மூன்று. ஒன்று ஸ்பிரிங், விலை குறைவு, ஆனால் என்னைப் போலவே அதுவும் வளைந்து கொடுக்காது. இன்னொன்றில் காற்று அடித்து, ஓட்டுபவர் எடைக்குத் தகுந்தபடி வைத்துக்கொள்ளலாம். மூன்றாவது கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. அந்த விலைக்கு அது அங்கேயே இருக்கட்டும் என்று காற்று ஃபோர்க்கை வாங்கினோம்.

மார்ச் 8, ஞாயிறு

கூடத்தில் பழைய துணி விரித்து இவரே மாட்டினார். எந்த எடைக்கு எவ்வளவு காற்று என்று ஃபோர்க்கில் ஒட்டியிருந்த அட்டவணையைப் பார்த்து, "நீ அம்பத்தெட்டு கிலோதானே?"

"ம்."

பழக ஆரம்பித்த மாதத்தில் சொன்ன எண். அப்போது உண்மைதான். அதற்குமேல் பதின்மூன்று சேர்ந்திருப்பது எனக்கும் மருந்துக்கடைத் தராசுக்கும் மட்டும் தெரியும்.

மார்ச் 15, ஞாயிறு

படுமோசம். முதல் பள்ளத்திலேயே ஃபோர்க் அடிவரை போய் டங்கென்று இடித்தது. கை முன்பைவிட வலிக்கிறது. அதைவிட இவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "விலையைப் பார்த்து உன் கையைக் கெடுத்துட்டேன்" என்று திரும்பத் திரும்ப. என் எடைக்குக் காற்று போதவில்லை, அவ்வளவுதான் விஷயம். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. நல்ல பொம்பளை நான்.

மார்ச் 17, செவ்வாய்

தன் சைக்கிளை விற்கப் போகிறாராம். கண்ணாடிப் பெட்டியில் இருந்ததை எனக்கு வாங்குவதற்கு. "நீ இறங்கு, நான் கீழ நின்னு பார்த்துக்கறேன்." யாருக்கு வேணும் அது? நீங்க இல்லாம நான் மட்டும் இறங்கி என்ன பண்றது? நாளைக் காலையில் ஆள் வருகிறது.

மார்ச் 18, புதன்

ஆள் வருவதற்குள் சொல்லிவிட்டேன். இவர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"எழுபத்தொண்ணு."

"என்ன எழுபத்தொண்ணு?"

"நான்தான்."

வாயைக் கொப்பளித்தார். சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "அப்போ நான் வாங்கினது நல்ல ஃபோர்க்தானா?" என்று கேட்டார், பாஸான பையன் மாதிரி. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சைக்கிள் பார்க்க வந்தவருக்கு டீ மட்டும் கொடுத்து அனுப்பினோம்.

மார்ச் 22, ஞாயிறு

குவாரிப் பாதையில் இரண்டு தடவை இறங்கினோம். கை வலிக்கவே இல்லை.

காலையில் நடந்ததை எழுதியே ஆக வேண்டும். எழுபத்தொன்றுக்கு எவ்வளவோ அவ்வளவு காற்றை என் ஃபோர்க்கில் ஏற்றினார். பிறகு பம்பைக் கழற்றித் தன் சைக்கிளின் காற்று ஃபோர்க்கிடம் போய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"உங்களுதுக்கு எதுக்கு?"

"எழுபத்தஞ்சு கிலோவுக்கு வெச்சிருக்கேன்," என்றார் மெல்ல. "கொஞ்சம் ஏத்தணும்."

எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. அவர் அடித்துக்கொண்டே இருந்தார்.