பெர்ரிப் பருவமும் ஒரு பேட்டரியும்

ஜூலை 27, ஞாயிறு

கோயிலில் இருந்தவர்கள்: ஜெபம் வாசிக்கும் நிக்கோலாய், அவர் மனைவி ஓல்கா, கால் முறிந்து கட்டுப் போட்டிருக்கும் மாத்வே, நான். வேறு யாருமில்லை. பெர்ரி பழுத்துவிட்டது என்று, ஊருக்குள் பேசிக்கொள்ளும் ரேடியோவில் வெள்ளிக்கிழமை யாரோ சொன்னதிலிருந்து ஊரே சதுப்பு வெளியில் கிடக்கிறது. நிக்கோலாய்கூட இன்று ஜெபத்தை ஓட்டமாகத்தான் ஓட்டினார். அவர் மகனுடைய படகு கரையில் காத்திருந்தது.

என்னை மட்டும் என்ன சொல்வது? நானும் போயிருப்பேன். நாலு சக்கர வண்டி கிளம்பவில்லை. சாவியைத் திருப்பினால் 'டிக்'. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

ஜூலை 28

காட்டுத்தீ அணைக்கப் போன இடத்திலிருந்து என் வீட்டுக்காரர் வாசிலி போன் செய்தார். வண்டி விஷயத்தைச் சொன்னேன். பேட்டரியாக இருக்கும், நான் வந்து பார்க்கிறேன், நீ கை வைக்காதே என்றார். எப்போது வருவீர்கள் என்று கேட்டதற்கு, "அத நெருப்புக்கிட்டதான் கேக்கணும்" என்கிறார்.

பெர்ரிக்கு அந்தப் பொறுமை இல்லையே. ஒரு பெருமழை அடித்தால் குழைந்துபோகும். குளிர்காலம் முழுக்க, பெர்ரி கலக்காமல் வெறும் கொழுப்பை அடித்துத் தின்பதா? உருமாற்றத் திருநாளுக்கு ஊருக்கு வரும் ஃபாதர் மந்திரிக்க, முதல் கனியாக எதை வைப்பது? போன வருடம் அடுத்தவர் வாளியிலிருந்து வாங்கி வைத்தேன். அந்த வெட்கம் போதும்.

மற்றவர்கள் வண்டியில் ஏறிப் போகலாம். ஆனால் எங்கள் குடும்பத்துப் பெர்ரி இடத்தை இன்னொருவர் கண்ணுக்குக் காட்ட மனம் வரவில்லை. பாவம்தான். ஆண்டவர் மன்னிப்பாராக. ஆனாலும் காட்டமாட்டேன்.

ஜூலை 29

வண்டியோடு வந்த புத்தகத்தைத் தேடி எடுத்தேன். பாதிதான் இருக்கிறது. முன்பாதியை வாசிலி நீராவிக் குளியலுக்கு அடுப்பு மூட்டக் கிழித்திருக்கிறார். மிச்சம் தொடங்குவதே 'பேட்டரியை வெளியே எடுத்தபின்' என்றுதான். சரி, எங்கேயிருந்து எடுப்பது?

முன்பக்கக் கம்பித் தட்டுக்கு அடியில் பார்த்தேன். மூடி போட்ட பெட்டியைத் திறந்தேன். கயிறு, ஒற்றைக் கையுறை, கல்லாகிப்போன காய்ந்த மீன். வேறு வழியில்லாமல் ரேடியோவை எடுத்து, பேட்டரி எங்கே இருக்கும் என்று ஊரையே கேட்டேன்.

பதில் சொன்னது என் அத்தை மகள் மார்ஃபா. வேறு யாராவது சொல்லியிருக்கக் கூடாதா?

"எட்டு வருஷமா அதுமேலதான உக்காந்திருக்க, மதினி. உன் பாரம் தாங்காமத்தான் செத்துப்போச்சு."

ஊரே ரேடியோ பட்டனைத் தட்டித் தட்டிச் சிரித்தது. அத்தை மகளுக்குக் கேலி செய்ய உரிமை உண்டு. எனக்குக் கோபப்பட உரிமையில்லை. என் முறையும் ஒருநாள் வரும்.

சீட்டுக்குப் பின்னால், அடியில் ஒரு கொக்கி. இழுத்ததும் சீட்டு மொத்தமாகக் கையோடு வந்துவிட்டது. அங்கே இருந்தது, ரப்பர் பட்டை போட்டுக் கட்டிய கறுப்புப் பெட்டி. கூட்டுக்குள் முட்டையைப் பார்த்தமாதிரி ஒரு சந்தோஷம்.

ஜூலை 30

முதலில் கறுப்பு வயர், பிறகு சிவப்பு. அப்படித்தான் கழற்ற வேண்டும். முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. ரொட்டிக்கு வைத்திருந்த சோடா மாவைக் கரைத்து ஊற்றினேன். புஸ்ஸென்று நுரைத்தது. வாசிலியின் பழைய பல் பிரஷால் தேய்த்தேன் (பிறகுதான் பார்த்தேன், அது பழையது இல்லை. புதியது ஒன்று வாங்கவேண்டும்).

ஆறு மூடியையும் திறந்தால், உள்ளே தகடுகள் வறண்டு தெரிந்தன. வாலைவடிநீர், அதாவது காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டுமே ஊற்றவேண்டும், குழாய்த் தண்ணீர் கூடாது என்கிறது புத்தகம். மருத்துவமனையில் வேலை செய்யும் யெலேனா அதை ஒரு ஜூஸ் பாட்டிலில் கொடுத்திருந்தாள். அளவுக்கோடு வரை ஊற்றினேன், ஒரு சொட்டு சிந்தவில்லை. மார்ஃபாவின் வீட்டுக்காரர் கொடுத்த சார்ஜரை மாட்டி, காற்றுக்காக வாசற்கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன். வீடெல்லாம் கொசு. இருக்கட்டும்.

ஜூலை 31

சிவப்பு முதலில், கறுப்பு கடைசியில். சிலுவை போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பினேன்.

கிளம்பிவிட்டது!

ஆகஸ்ட் 2

மூன்று வாளி. தனியாகவே போனேன், தனியாகவே வந்தேன். சேற்றிலும் தூறலிலும் நிறுத்தி நிறுத்தி எடுத்தேன், ஒவ்வொரு தடவையும் தொட்டவுடன் கிளம்பியது. வழியெல்லாம் சத்தமாகத் துதிப்பாட்டு. கேட்டதற்கு இரண்டு கொக்குகள் சாட்சி.

ஆகஸ்ட் 5

ஐயோ.

ஜனவரியில் ஆற்றுப் பனிக்கட்டியை வெட்டி, அடியிலிருந்த தண்ணீரை ஃபாதர் மந்திரித்துத் தந்த தீர்த்தத்தில், தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு வாய் குடிப்பேன். ஐந்தாறு நாளாக அதில் ஆற்றின் ருசி இல்லை. நாக்குதான் மரத்துப்போச்சோ என்று நினைத்தேன். இன்றைக்குத்தான் உறைத்தது. தீர்த்தமும் ஜூஸ் பாட்டிலில்தான் இருந்தது. பத்திரமாக இருக்கட்டுமே என்று யெலேனாவின் பாட்டிலையும் திருவுருவ அலமாரியிலேயே வைத்தவள் நான்தானே. அப்படின்னா நான் குடிச்சது பேட்டரித் தண்ணி. பேட்டரி குடிச்சது — என்ன செஞ்சுட்டேன் நான்?

ஆகஸ்ட் 6

மார்ஃபாவிடம் மட்டும் சொன்னேன். மத்தியானத்துக்குள் ரேடியோவில் வந்துவிட்டது.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. இனிமே மதினி வண்டி எதிர்ல வந்தா, சிலுவை போட்டுட்டு ஒதுங்கி நில்லுங்க."

மாலையில் தண்ணீர் எடுக்கப் போனேன். கட்டுப் போட்ட காலோடு மாத்வே எழுந்து நின்று சிலுவை போடுகிறார். சிரித்துச் சிரித்து வண்டியை ஓட்ட முடியவில்லை.

ஆகஸ்ட் 19, உருமாற்றத் திருநாள்

மேசையில் முதல் வாளி என்னுடையது. ஃபாதர் இன்னொகெந்தி அதன்மேல் தெளித்தபோது கண் நிறைந்துவிட்டது.

பாவசங்கீர்த்தனத்தில் பேட்டரியைச் சொன்னேன். நிமிர்ந்து பார்த்தால் ஃபாதரின் தாடி குலுங்குகிறது. "தெரியாம செஞ்சதுல பாவம் ஒண்ணுமில்லம்மா. ஆனா தீர்த்தம் தீர்த்தம்தான். அத மட்டும் குப்பையில போட்டுராதீங்க."

செப்டம்பர் 9

வாசிலி வந்துவிட்டார். வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு பின்னால் ஏறி உட்கார்ந்தார். நான் ஓட்டினேன்.

அக்டோபர் 12

முதல் கடுங்குளிரில் பேட்டரி நின்றது. ஆற்றுத் தண்ணீர் அதற்கு ஆகாதுதான். புதியதை விமானத்தில் வரவழைத்து நானே மாட்டினேன். விளக்கு மட்டும் பிடிக்கும்படி வாசிலியிடம் சொன்னேன், பிடித்தார்.

ஃபாதருக்கு அனுப்பிய செய்தியை இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

"ஆசி கேட்கிறேன், ஃபாதர். பழைய பேட்டரி திருவுருவ அலமாரிக்குக் கீழே, ஒரு தட்டில் இருக்கிறது. குப்பையில் போடக் கூடாது என்றீர்கள். புதைத்தால் அமிலம் மண்ணைக் கெடுக்கும். எரிக்கவும் முடியாது. பழைய பேட்டரிகளை ஏற்றிப்போகும் கடைசிப் படகு, ஆறு உறைவதற்குள் போய்விடும். அதில் கொடுத்து அனுப்பலாமா? வாசிலி தினமும் காலையில் அதற்கும் சேர்த்துச் சிலுவை போடுகிறார். கேலியா, நிஜமா, எனக்கே தெரியவில்லை. தயவுசெய்து சீக்கிரம் பதில் சொல்லுங்கள்."