இரண்டு வாரக் குறை

ரானுயி
3 ஜூலை 2014, வியாழன்

காலை முதல் தூறல். பூசைக்குப் பூ இல்லை. அடுத்த வீட்டு வேலியில் கமேலியா இரண்டு, கேட்டுப் பறித்தது.

தங்கை மகள் சுகந்தி ஏழு மணிக்கே நகரின் மறுகோடியிலுள்ள மனுகாவுக்குப் புறப்பட்டாள். அங்குள்ள தன் கல்லூரிக்கு விடுமுறை என்று சொன்னவளும் அவளே. பிறகு எங்கே? "லைப்ரரிக்கு, மாமா." முகம் பார்த்துச் சொல்லவில்லை.

படிப்பு ஆகஸ்டில் நிறைவு. அதன்பின் வேலை விசா. கிடையாவிடில் கொழும்புக்குத் திரும்ப வேண்டியதுதான். தங்கைக்கு வாக்குக் கொடுத்தவன் நான்.

4 ஜூலை, வெள்ளி

இந்நாட்டில் ஜூலை குளிர்காலம். முழங்கால் நோவு. விரதம்.

குளியலறைக்குள் நின்று தொலைபேசியில் ஆங்கிலம் பேசுகிறாள். காதில் விழுந்தவை: "வீக்ஸ்", "ஷார்ட்", "ப்ளீஸ்". அகப்பாடல்களில் செவிலித்தாய் மகளின் நடையிலும் கண்ணிலும் குறி தேடுவாள். எழுபத்திரண்டு வயதில் எனக்கும் அதே தொழில். யாரேனும் ஆண்பிள்ளையோ? சிவ சிவ. எழுதக் கூசுகிறது. எழுதிவிட்டேன்.

5 ஜூலை, சனி

கோயில் வாசலில், அவளைக் கல்லூரியில் சேர்த்துவிட்ட முகவர். தமிழகத்தவர், சிரிப்பு அதிகம். விசா நிலைமை கேட்டேன். "வாரக் கணக்கு கொஞ்சம் இடிக்குதுங்க ஐயா. பாத்துக்கலாம்." எந்த வாரம்? பதிலுக்குமுன் கார்க் கதவு சாத்தியாயிற்று. இந்த ஆளை நான் முதல் நாளே நம்பவில்லை.

மகனிடம் சொன்னேன். "சாமி வரம் தந்தாலும் நீங்கள் ரசீது கேப்பியள், அப்பா" என்கிறான்.

7 ஜூலை, திங்கள்

செய்யக்கூடாததைச் செய்தேன். அவள் மேசையிலிருந்த கல்லூரிக் கடிதத்தை எடுத்து, கண்ணாடி போட்டு, இருமுறை வாசித்தேன். வேலை விசாவுக்குப் பாடங்களில் தேறினால் மட்டும் போதாதாம். இந்நாட்டில் இருந்து படித்த வாரங்களும் நிறைய வேண்டும். பிந்தி வந்து சேர்ந்ததால் இரண்டு வாரம் குறை. விடுமுறையில் ஒரு துணைப்பாடம் படித்துத் தேறினால் குறை தீரும்.

மாலையில் கடிதத்தை நீட்டினேன். முகவரின் மோசடியா, உன் சோம்பலா என்று கேட்டேன். அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

"நான் இஞ்சை வர பிளேன் ரிக்கெற் போட்ட நாள் கரிநாள், மாத்து எண்டது ஆர், மாமா? பிறகு அட்டமி, நவமி. பிறகு அமாவாசை கழியட்டும் எண்டியள்."

கடிதத்தை நாலாக மடித்தேன்.

"பிந்தினது உங்களாலை எண்டு உங்களுக்குத் தெரியவேண்டாம் எண்டுதான், துணைப்பாடத்துக்குப் போறதை லைப்ரரி எண்டனான்."

பொய் அவளுடையது. பிழை என்னுடையது. முகவர்மேல் ஐயம் இன்னும் முற்றாக நீங்கவில்லை, அதையும் குறித்துவைக்கிறேன்.

இரவு பதிகம் ஓத அமர்ந்தேன். இரண்டாம் பாட்டிலேயே தடக்கியது.

15 ஜூலை, செவ்வாய்

மழை விட்டது. துணைப்பாடத் தேர்வு இன்று. மதியச் சோற்றை நானே கட்டிக் கொடுத்தேன்.

எத்தனை மணிக்கு என்றேன். சற்றுத் தயங்கி, மூன்றுக்கு என்றாள். செவ்வாய் மூன்று மணி. இராகு காலம்.

"நல்ல நேரம்தான், பிள்ளை. போய் எழுது."

அவள் நம்பவில்லை. ஒரு சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, மற்றதைக் கையில் வைத்தபடி, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.