அஜீஸ் பாய்க்கு இரங்கல் தீர்மானம்

ஜூன் 28, வெள்ளி

புழுக்கம். காற்று மேற்கிலிருந்து. கொடுங்கையூர் குப்பைப் புகை அடுப்படி வரைக்கும். தண்ணி லாரி வரவில்லை. வாசலில் குடங்கள் வரிசை, குடத்துக்கு ஒரு புகார். நான் கவுன்சிலரா, குழாயா?

மூன்று மணிக்கு நகர்மன்றக் கூட்டம். நீலப் புடவை. இஸ்திரி வண்டிக்காரர் காசு வாங்க மாட்டேன் என்றார், தெருவிளக்கு கேட்டார்.

கூட்டத்தில் நடந்தது. சேர்மன் செல்போன் அடித்தது. ஜன்னல் பக்கம் போய்ப் பேசிவிட்டு வந்தார். முகம் மாறியிருந்தது. "நம்ம அஜீஸ் பாய் தொழுகை முடிஞ்சி வர்ற வழியில வுழுந்துட்டாராம். ஆஸ்பத்திரிக்கு எடுத்துகினு போறதுக்குள்ள முடிஞ்சிபோச்சாம்."

எனக்கு அடுத்த நாற்காலிதான் பாயுடையது. காலி. அவர் தொழுகை முடித்துத் தாமதமாக வருவார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எல்லோரும் எழுந்து நின்றோம். மௌனம். பிறகு இரங்கல் தீர்மானம். முன்மொழிந்தவர் சேர்மன். வழிமொழிய ஆள் வேண்டும். என்னைப் பார்த்தார். வழிமொழிந்தேன். மன்ற எழுத்தர் அதை இன்றைய பொருள்களுக்கு மேலே, முதலாவதாகச் சேர்த்தார்.

"ஆல் பாஸா?"

"ஆல் பாஸ்."

மேஜையைத் தட்டினோம். எங்கள் மன்றத்து வழக்கம் இதுதான். எந்தப் பொருளையும் யாரும் படிப்பதில்லை. மொத்தமாகக் கேட்பார், மொத்தமாகத் தட்டுவோம். பாய் ஒருவர்தான் எழுந்து "பாயிண்ட் ஆஃப் ஆர்டர்" என்பார். கயிற்றுக்கடை வைத்திருக்கும் மனிதருக்கு விதி என்றால் உயிர். இன்று எழுந்திருக்க அவர் இல்லை. கடைசி வரிசைக்கு டீ போய்ச் சேர்வதற்குள் கூட்டம் முடிந்தது. பஸ் கிடைத்தது என்று ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன். அதற்காகவே வீட்டில் வந்து அழுதேன்.

சாயங்காலம் நானும் இவரும் மாலையோடு பாய் வீட்டுக்கு. கதவைத் திறந்தது பாய்.

கையில் குளுக்கோஸ் ஏற்றிய பிளாஸ்திரி. லுங்கி, பனியன். "இன்னாம்மா, மாலையெல்லாம் வாங்கினு வந்துகிறே? யாருக்கு?"

இவர் மாலையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். சர்க்கரை இறங்கிப் போச்சாம், மயக்கமாம், அவ்வளவுதான். விஷயத்தைச் சொன்னதும் பாய் இருமல் வரும் வரை சிரித்தார். நாங்களும். பாயம்மா மட்டும் சிரிக்கவில்லை. மாலையை வரும் வழியில் ஆட்டோக்காரரின் சாமி படத்துக்குப் போட்டாயிற்று.


ஜூலை 1, திங்கள்

தண்ணி லாரி வந்தது. சண்டையும் வந்தது.

கடைத்தெரு சுவர் முழுக்கக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். பாய் படம், கீழே சேர்மன் படம் அதைவிடப் பெரிசாக. பாயே எதிரில் நின்று படித்துக்கொண்டிருந்தார். "நல்ல போட்டோ. எங்க புடிச்சானுங்கோ?"

பாயும் நானும் நகராட்சி ஆபீசுக்குப் போனோம். சேர்மன் நல்லபடியாகத்தான் பேசினார். உட்காரச் சொன்னார். தீர்மானத்தை அடித்துவிடலாம் என்றார். எழுத்தர்தான் தொண்டையைக் கனைத்தார். நிறைவேறிய தீர்மானத்தை மூன்று மாதத்துக்குள் ரத்து செய்வதென்றால், மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் கை தூக்க வேண்டுமாம். வந்தவர்களில் பாதி இல்லை. மொத்தத்தில் பாதி.

பாய் தலையாட்டினார். அவருக்குத் தெரியாததா? போன வருஷம் மேல்நிலைத் தொட்டியை வேறு வார்டுக்கு மாற்றப் பார்த்த சேர்மனை இதே விதியைச் சொல்லித்தான் உட்கார வைத்தார்.

சேர்மன் முகத்தில் அது ஞாபகம் வருவதைப் பார்த்தேன். "விதி இன்னா சொல்லுதோ அப்டியே பண்ணுவோம் பாய்" என்றார். சிரித்தார். எனக்குப் பிடிக்கவில்லை.


ஜூலை 9, செவ்வாய்

செய்ய வேண்டியது: ரேஷன். பொண்ணுக்கு ஜாமெட்ரி பாக்ஸ். மூன்றாவது குறுக்குத் தெரு சாக்கடை. இவர் இந்த வாரம் நைட் ஷிப்ட், குழம்பு தனியாக எடுத்து வைக்க.

மன்ற ஹாலில் பாயைப் பார்த்தேன். பார்வையாளர் பெஞ்சில் தனியாக. அவர் நாற்காலி அங்கேயே இருக்கிறதே, வாங்க என்றேன்.

"உள்ள வந்து குந்துனா விதிமீறல்மா."

கோபம் வந்துவிட்டது. "உசுரோட கீறியே பாய், அதுக்கு இன்னா விதி?"

யோசித்துத்தான் பதில் சொன்னார். "அதுக்கு விதி இல்லம்மா. தீர்மானத்துக்குத்தான் கீது."

டவாலி கன்னியப்பன் டீ கொண்டுவந்தான். எனக்குக் கொடுத்தான். தட்டில் இன்னொரு டம்ளர் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு போய்விட்டான். வேணும்னு செய்த மாதிரியும் இல்லை. காலி பெஞ்சைத் தாண்டிப் போகிற மாதிரி போனான்.


ஜூலை 20, சனி

வெயில். கால் வலி. பாய்க்காகக் கை தூக்க ஆள் தேடி வார்டு வார்டாக.

ஒரு கவுன்சிலர்: "அருமையான மனுஷன்க்கா. இருந்திருந்தா அவருக்காக நானே மொத ஆளா கை தூக்கியிருப்பேன்." இதை எப்படிப் புரிந்துகொள்வது என்றே தெரியவில்லை. பாய் இருக்கிறார் என்றேன். "ஆமாமா, நம்ம மனசுல எப்பவும் இருப்பாரு" என்றார்.

இன்னொருவர் வீட்டில் மோர் கொடுத்தார்கள். வாக்கு கொடுக்கவில்லை. பாய் வார்டில் இடைத்தேர்தல் வருமாம், மச்சானை நிறுத்தப் போகிறாராம். சுவரெல்லாம் வெள்ளையடித்துப் பிடித்து வைத்தாயிற்று.

மூன்றாவது ஆள் உண்மையைச் சொன்னார். "அவரு இல்லாம கூட்டம் சீக்கிரம் முடியுதுக்கா."

பாய் வார்டு ஜனங்கள் இப்போது என் வாசலில். அவரிடமே போய்ச் சொல்லுங்கள் என்றால், "பாய்தான் பூட்டாரேக்கா" என்கிறார்கள். அவர் கடையில் கயிறு வாங்கிக்கொண்டு வந்து இதைச் சொல்கிறார்கள். கயிறு யார் கொடுத்தது என்று ஒரு பெண்ணைக் கேட்டேன். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.


ஜூலை 31, புதன்

கூட்டம். ரத்துப் பொருளைச் சேர்க்கவில்லை. முன்கூட்டியே எழுதித் தரவில்லையாம். அடுத்த மாதம்தான்.

"ஆல் பாஸா?"

பார்வையாளர் பெஞ்சிலிருந்து பாய் எழுந்தார். பழக்க தோஷம். "பாயிண்ட் ஆஃப் ஆர்டர்" என்றார், எப்போதும் போல, ஹால் அதிர. யாரும் திரும்பவில்லை. சிலர் வேண்டுமென்றே திரும்பவில்லை, அது தெரிந்தது. மற்றவர்கள் பிஸ்கெட்டை டீயில் தோய்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் காதில் எதுவும் விழவில்லை என்று சத்தியம் செய்வேன். எழுத்தரின் பேனா கொஞ்சம் நின்றது. பிறகு ஓடியது.

மேஜை தட்டும் சத்தம். நான் தட்டவில்லை.

ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. இவர் சொல்கிறார்: "உனுக்கு இன்னாத்துக்கு பேஜாரு? மூணு மாசம் போனா தானா சரியாய்டும்." மூன்று மாதத்துக்குள் அந்த வார்டுக்கு வேறு ஆள் வந்துவிடுவான் என்பது இவருக்குப் புரியவில்லை.


ஆகஸ்ட் 12, திங்கள்

மேகமூட்டம், மழை இல்லை. இன்று நடந்ததை எழுதவே பிடிக்கவில்லை.

கொருக்குப்பேட்டை கேட். நாத்தனார் வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது மூடிவிட்டான். கூட்ஸ் வண்டி, முடியவே முடியாத வண்டி. பக்கத்தில் யாரோ சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கேட் திறந்தது, வந்தேன், பஸ் ஏறினேன், வீட்டில் அரிசி களைந்துகொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. அந்தச் சைக்கிள் பாயுடையது. நின்றது பாய். என்னிடம் ஏதோ பேசினார், அந்தக் குரல்கூட இப்போது ஞாபகம் வருகிறது. நான் பதில் சொல்லவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. எனக்கு அவர் தெரியவே இல்லை.

பயந்துவிட்டேன். அரிசியை அப்படியே போட்டுவிட்டு அவர் வீட்டுக்கு ஓடினேன்.

வீட்டை ஒட்டிய கடை வாசலில் முறுக்கிய கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தார். இளைத்திருக்கிறார். மன்னிப்புக் கேட்டேன்.

"பரவால்லம்மா. நீயாவது வூட்டுக்குப் போயி கண்டுபுடிச்சே. பாயம்மா நேத்து எனக்குத் தட்டு வெக்க மறந்துட்டா. அவளே சாப்ட்டு, கழுவி கவுத்துட்டா. நான் எதுர்லதான் குந்திகினு இருந்தேன்."

குறையாகக்கூடச் சொல்லவில்லை. கூட்டத்தில் அறிக்கை படிப்பது போலச் சொன்னார். உள்ளே பாயம்மா பாத்திரம் துலக்கும் சத்தம். அவளிடம் பேசலாமா என்று நினைத்தேன். தைரியம் வரவில்லை.

"சீக்கிரம் பண்ணும்மா" என்றார் பாய். இவ்வளவு நாளில் அவர் என்னைக் கேட்டது இது ஒன்றுதான்.


ஆகஸ்ட் 13, செவ்வாய்

ரத்துப் பொருளை எழுதி, கையெழுத்துப் போட்டு, எழுத்தர் மேஜையிலேயே வைத்தேன். வாங்கிக்கொண்டதாகச் சீல் போடும் வரை நகரவில்லை. பாயிடம் கற்றது.


ஆகஸ்ட் 29, வியாழன்

நாளை கூட்டம். இரண்டு வாரமாக இதே அலைச்சல். கெஞ்சியது, அழுதது, பழைய உதவிகளைச் சொல்லிக் காட்டியது எல்லாம் ஆயிற்று. மச்சானை நிறுத்த இருந்தவரின் அம்மாவிடமே போய்ப் பேசினேன். அவளுக்குப் பாய் தெரிந்தவர். அந்த வீடும் மசிந்தது.

என்னையும் சேர்த்துச் சரியாகப் பாதி. ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. போதும்.

பாயிடம் சொன்னேன். வெள்ளைச் சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்திருப்பதாகச் சொன்னார். ரத்தானதும் பெஞ்சிலிருந்து நேராக நாற்காலிக்கு வரலாமா, இல்லை, தலைவர் அழைத்த பிறகு வர வேண்டுமா என்று அவருக்குச் சந்தேகம். எனக்குச் சிரிப்பு வந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு நல்ல தூக்கம் வரும் போல இருக்கிறது.


ஆகஸ்ட் 30, வெள்ளி

எழுத்து கோணல். இவர் ஷிப்ட் முடிந்து இன்னும் வரவில்லை. பொண்ணு அடுத்த வீட்டில்.

மதியம் மழை. ஷேர் ஆட்டோ பிடித்தேன். எண்ணூர் ஹைரோட்டில் கண்டெய்னர் லாரிகள் மூன்று வரிசையாக, அசையவில்லை. கூட்டத்துக்கு நேரமாகிறதே என்று பாதியில் இறங்கிவிட்டேன். சந்துக்குள் புகுந்து, சேற்றில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். பின்னால் பெரிய சத்தம் ஒன்று கேட்டது. திரும்பிப் பார்க்க நேரமில்லை.

ஹாலுக்குள் போனபோது எல்லோரும் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள். தலை குனிந்து. மௌனம். யாருக்கோ இரங்கல். சத்தம் போடாமல் என் இடத்துக்குப் போய் நானும் நின்றேன். தலை குனிந்தேன். உட்கார்ந்ததும் முன் வரிசைக்காரரைக் கேட்டேன், யாருக்கு என்று. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துக்கத்தில் இருக்கிறார் என்று விட்டுவிட்டேன்.

டீ வந்தது. எனக்கு வரவில்லை. மழையில் டீ குறைந்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன்.

இன்று ஆல் பாஸ் இல்லை. அதிசயமாகச் சேர்மன் ஒவ்வொரு பொருளாகப் படிக்கச் சொன்னார். குரல் தழுதழுத்தது. நம் பொருள் வந்தது. அஜீஸ் பாய் இரங்கல் தீர்மானத்தை ரத்து செய்வது. ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம்.

முதலில் தூக்கியது நான். திரும்பிப் பார்த்தேன். வாக்குக் கொடுத்த அத்தனை பேரும் தூக்கியிருந்தார்கள். மச்சான்காரர்கூட. எனக்கு அழுகை வந்தது. பெஞ்சில் பாய், வெள்ளைச் சட்டை, எழுந்து வரத் தயாராக முனையில் உட்கார்ந்திருந்தார்.

எழுத்தர் பேனா முனையால் எண்ணினார். "ஒண்ணு கொறையுதுங்க."

மறுபடி எண்ணச் சொன்னார்கள். இந்த முறை பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் இருந்தவரைத் தொட்டது. என்னைத் தாண்டியது. பின்னால் இருந்தவரைத் தொட்டது.

"நான் கீறேனே" என்றேன். எழுந்தேன். மேஜையைத் தட்டினேன்.

சேர்மன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தம்மா இருந்திருந்தா இது பாஸ் ஆயிருக்கும். இன்னா அலைச்சல் அலஞ்சிது, பாவம். செரி, அடுத்த பொருள் படிங்க."

வாசலில் கன்னியப்பன் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தான். "ஷேர் ஆட்டோ மேல கண்டெய்னர் சாஞ்சிட்ச்சாம்பா. நம்ம கவுன்சிலரம்மா அதுலதான் ஏறுச்சாம், பாத்தவங்க போன் பண்ணாங்க. மொத தீர்மானமே அதான், பாஸ் ஆய்ட்ச்சி."

வழிமொழிந்தது யார் என்று கேட்கத்தான் முதலில் தோன்றியது. கேட்டேன். ஒவ்வொரு முகமாகப் போய்க் கேட்டேன். அடுத்த பொருளுக்குக் கை தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஹாலில் என்னைப் பார்த்தது ஒருவர்தான். பாய். பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.